எழுபத்திரண்டு கடப்பாக்கல்

கையைத்தானே பார்க்கறீங்க? பயப்படாதீங்க தம்பி, ஒட்டிக்கற சீக்கு ஒண்ணுமில்லை. மருந்து பட்டு வெந்தது. மருந்துன்னா குடிக்கற மருந்தில்லீங்க, பெயிண்டை உரிக்கற மருந்து. தோலு ரெண்டு தடவை உரிஞ்சுபோய் இப்பத்தான் புதுசு வந்துட்டிருக்குது. உங்க சட்டையில படாம ஒதுங்கி உக்காந்துக்கறேன். நீங்க சன்னலோரமே இருங்க.

சத்தியமங்கலமா போறீங்க? நானும் சத்திதானுங்க. பேரு நாச்சிமுத்து. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆகி எட்டு வருசமாச்சு. முப்பத்திமூணு வருசம் சர்வீஸ். அத்தனை வருசத்துல என் செக்‌ஷன்ல ஒருத்தன் கம்பத்துல இருந்து விழுந்தான், ஒருத்தனுக்கு ஷாக் அடிச்சுதுன்னு ஒரு பேச்சு வந்ததில்லை. கேட்டுப் பாருங்க சத்தியில, யாரை வேணாலும்.

இங்க சரவணம்பட்டியிலதான் மக வீடு. சம்சாரம் அங்கதான் இருக்குறா, ஏழு மாசமா. பார்த்துட்டுத் திரும்பறேன். கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இன்னைக்கு வரல. வருவா. அது வேற விசயம்.

இந்தக் கை எதுனால வெந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, அவளுக்காகத்தான். சொன்னா நம்ப மாட்டீங்க. மூணு மாசம் தம்பி. மாசியில ஆரம்பிச்சு சித்திரை வரைக்கும், ஒரு நாள் விடாம, கல்லு உரிச்சேன். கல்லை உரிக்கறதா? ஆமாங்க. கல்லுக்கும் தோலு இருந்துச்சு. நான் போட்ட தோலு.

வீடு கட்டுனப்ப வாசலுக்குக் கடப்பாக்கல்லு போடலாம்னு சொன்னது வசந்தாமணிதான். வசந்தாமணின்னா என் சம்சாரம். ரெண்டடிக்கு ரெண்டடி கல்லு, எழுபத்திரண்டு. மேல பாலிஷ் போட்டது வேண்டாமுங்க, சொரசொரன்னு இருக்கறதாப் பாருங்கன்னா. அப்படியே போட்டோம். பதினாலு வருசம் கெடந்துச்சுங்க, ஒரு குறையில்லை. என்ன, வெயில்ல வெளுத்துப் போச்சு. கருப்பா இருந்த கல்லு சாம்பல் பூத்தாப்புல ஆயிருச்சு. அவ்வளவுதான்.

எனக்கு அறுபது வந்துச்சு. மணிவிழா வெக்கறதுன்னு முடிவு. ஒரம்பறை, சொந்தபந்தம், ஆபீஸ்காரங்க எல்லாம் வருவாங்க, வாசலு இப்பிடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? பெயிண்டுக் கடைக்குப் போனேன். அந்தாளு ஒரு கல்லை எடுத்துக் காட்டுனான். பாதிக்கு சீலர்னு வார்னிஷ் மாதிரி ஒண்ணு அடிச்சிருக்குது, பாதி சும்மா. அடிச்ச பாதி எப்பிடி இருந்துச்சுங்கறீங்க? இப்பத்தான் மழை பேஞ்சு நின்னாப்புல, கருகருன்னு. அழுக்கு ஒட்டாது, கறை ஒட்டாது, பாசி புடிக்காதுன்னான். அன்னைக்கே வாங்கிட்டு வந்துட்டேன்.

வசந்தாமணி வந்து பார்த்தா. "ஏனுங்க, இது வழுக்காதா?"ன்னா.

மழையில கம்பம் ஏறுனவன்கிட்ட வந்து வழுக்கறதைப் பத்திக் கேக்கறா பாருங்க. "உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு"ன்னேன். போயிட்டா. அவ எதுத்துப் பேசற ஆளில்லீங்க.

விழாவுக்கு வந்தவங்க பாதிப் பேரு நான் தாலி கட்டுனதைப் பார்க்கல தம்பி, வாசலைத்தான் பார்த்தாங்க. எங்க ஏ.டி. வந்திருந்தாரு, என் மேலதிகாரியா இருந்தவரு. செருப்பைக் கழட்டிட்டு, குனிஞ்சு கையில தடவிப் பார்த்து, "நாச்சிமுத்து, இது வாசலா, கண்ணாடியா?"ன்னு கேட்டாரு. போட்டோ இருக்குது, அப்பறம் காட்டறேன்.

ரெண்டு வருசம் நல்லா இருந்துச்சு. அப்பறம் மஞ்சளிக்க ஆரம்பிச்சுது. அங்கங்க வெள்ளைவெள்ளையாப் பூத்துச்சு. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பி நிக்குது. கடைக்காரன்கிட்டக் கேட்டா, "மேல இன்னொரு கோட்டு அடிங்க, சரியாயிரும்"ங்கறான். அடிச்சேன். அடுத்த ரெண்டு வருசத்துல மறுபடியும். மூணு கோட்டு. மூணாவது கோட்டுக்கு அப்பறம் நெசமாவே கண்ணாடி ஆயிருச்சுங்க. தண்ணி பட்டா நின்ன இடத்துல காலு நிக்காது. பால்காரன் ஒருநாள் சறுக்கி, கேட்டைப் புடிச்சுத் தொங்கிட்டான். "நல்ல செருப்பாப் போட்டுட்டு வாப்பா"ன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

வசந்தாமணி என்ன பண்ணுனா, நாலு சணல் சாக்கை எடுத்துப் பிரிச்சு, படியில இருந்து கேட்டு வரைக்கும் வரிசையா விரிச்சுப் போட்டுட்டா. காத்துக்குப் பறக்காம ஓரத்துல கல்லு வேற. பார்க்க எப்பிடி இருக்கும், நீங்களே சொல்லுங்க. அம்புட்டு மெனக்கெட்டு அடிச்ச வாசல்ல, மூட்டை தூக்கற கிடங்கு மாதிரி. ஆனாலும் சரி கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.

போன ஐப்பசி. ராத்திரியில இருந்து சிணுசிணுன்னு மழை. விடியக்காலம் பால் வாங்க ஏனத்தை எடுத்துட்டு வெளிய போனா. விழுந்துட்டா. அவ அவசரக்காரிங்க. எதுக்கெடுத்தாலும் ஓட்டம். கேஸை அடைச்சமா, கதவைச் சாத்துனமான்னு மூணு தடவை திரும்பிப் பார்த்துட்டுத்தான் படி இறங்குவா, அது வேற விசயம். ஆனா அன்னைக்கு ஏதோ அவசரம். சாக்கு மேல போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. குறுக்க போயிட்டா.

ஏனம் உருண்ட சத்தம் கேட்டு ஓடுனேன். கெடக்குறா. கண்ணு எங்கடி வெச்சுட்டு வந்தேன்னு கேட்டேன். பதட்டத்துல வர்றதுதானுங்க அது.

தொடையெலும்பு இடுப்புல சேர்ற இடத்துல முறிஞ்சிருச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு வந்து ஆபரேசன். பிளேட்டு வெச்சிருக்குது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில. மக நித்யகலா, "அம்மா எங்கூட இருக்கட்டுமுங்கப்பா, நீங்க ஒத்தையாளா எப்பிடிப் பார்ப்பீங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. ஒரு மாசம்னாங்க. ரெண்டு மாசமாச்சு. வாக்கர் வெச்சு நடக்க ஆரம்பிச்சுட்டா. பொங்கலுக்கு வர்றியான்னு போன்ல கேட்டேன். "பார்க்கலாமுங்க"ன்னா.

பொங்கல் அன்னைக்கு நான் ஒத்தையா அடுப்புப் பத்த வெச்சேன் தம்பி. பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சுபோச்சு. மககிட்டப் போன் பண்ணி, "என்னதான் சொல்றா உங்கம்மா?"ன்னு கேட்டேன். அவ போனோட வேற ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "அம்மாவுக்கு அந்த வாசல்ல கால் வெக்க மனசில்லீங்கப்பா"ன்னா.

ஓ, கல்லா பிரச்சினைன்னு பட்டுச்சு. கல்லுன்னா சரி பண்ணிரலாமே. மத்தாநாளே மேஸ்திரியைக் கூப்புட்டேன்.

அய்யாவுன்னு ஒரு மேஸ்திரி, எங்க வீடு கட்டுனவனே அவன்தான். வந்து, கால் கட்டைவிரலால ஒரு கல்லைத் தேச்சுப் பார்த்தான். "எல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு சிமெண்டுக் கல்லு பதிச்சிரலாமுங்க"ன்னான். இந்தக் கல்லு நல்ல கல்லுய்யா, இதையேதான் போடணும்னேன். "அப்படீன்னா ஒண்ணு செய்வோம். பேத்துத் திருப்பிப் போட்டுரலாம். அடிப்பக்கம் சீலரும் இல்லை, ஒண்ணும் இல்லை. கொத்துன மாதிரி சொரசொரன்னு கெடக்கும். ஒரு வாரத்துல முடிஞ்சிரும்."

யோசிச்சா நல்ல யோசனைதான். இல்லீங்கல. ஆனா என்னமோ எனக்கு மனசு ஒப்பல. "அவ விழுந்தது மேல்பக்கத்துலய்யா. அதைத்தான் சரி பண்ணோணும். மண்ணுக்குள்ள திருப்பிப் போட்டு மூடறது என்ன வேலை?"ன்னேன். அய்யாவு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உங்க இஷ்டமுங்க. பேத்து மட்டும் தர்றேன். உரிச்சு முடிச்சுட்டுக் கூப்புடுங்க, பதிச்சுக் குடுக்கறேன்"னு சொல்லிட்டான்.

ரெண்டு நாள்ல எழுபத்திரண்டையும் பேத்து, சுவத்தோரம் சாய்ச்சு அடுக்கிட்டாங்க. வாசலு வெறும் மண்ணு. அன்னைக்கு வீட்டுக்குள்ள போகவே ஒரு மாதிரியாப் போச்சு.

மொதல்ல கம்பி பிரஷ்ஷைப் போட்டுத் தேச்சேன். கீறல்தான் விழுந்துச்சு, சீலர் அசையல. வண்டி கழுவற இடத்துல இருந்து பிரஷர் மெசினைக் கொண்டாந்து அடிச்சேன். அப்பளமா நின்னதெல்லாம் பறந்துச்சு. ஒட்டிட்டு இருந்தது ஒட்டிட்டேதான் இருந்துச்சு. யாரோ சொன்னாங்கன்னு பாத்ரூம் கழுவற ஆசிட்டை ஒரு கல்லு மேல ஊத்துனேன். சீலர் கெடந்த இடமெல்லாம் அப்படியே கெடக்குது, விரிசல் வழியா கல்லுக்குள்ள எறங்கி நுரைச்சுத் தள்ளுது. பொங்கி அடங்குனதும் பார்த்தா கல்லு அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி. கடப்பாக்கல்லு சுண்ணாம்பு சாதிங்க, ஆசிட் ஆகாது. அது எனக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது. ஒரு கல்லு போச்சு.

அப்பறம் மாசி பொறந்துதான் ஈரோட்டுல ஒரு கடையில இந்த மருந்து கெடைச்சுது. கூழு மாதிரி இருக்கும். பிரஷ்ல எடுத்துக் கல்லு மேல தடிப்பா அப்போணும். வெயில்ல காஞ்சிராம இருக்க மேல பிளாஸ்டிக் காகிதத்தைப் போட்டு மூடிரணும். அரைமணி நேரம், முக்கா மணி நேரம். எடுத்துப் பார்த்தா சீலர் சுருங்கிச் சுருங்கி, பால் ஏடு மாதிரி எழும்பி நிக்கும். மரக்கட்டையில சீவோணும். இரும்புல சீவுனா கல்லுல கோடு விழுந்துரும். சீவிட்டுத் தண்ணி விட்டுக் கழுவோணும். ஒரு கோட்டு போச்சு. இன்னும் ரெண்டு இருக்குது. மறுபடி அப்பு, மறுபடி மூடு, மறுபடி சீவு. ஒரு கல்லுக்கு மூணு தடவை. நான் மூணு தடவை அடிச்சதை மூணு தடவை எடுக்கணும்.

போயிருச்சான்னு எப்பிடித் தெரியும்? ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்க்கோணும். முத்து மாதிரி உருண்டு நின்னுச்சுன்னா இன்னும் சீலர் இருக்குது. பரவி, கல்லு குடிச்சு, அந்த இடம் கருத்துச்சுன்னா போயிருச்சு. நான் எத்தனை சொட்டு விட்டிருப்பேன்னு நினைக்கறீங்க. சிலது நாலாவது தடவையும் முத்தா நிக்கும். அப்பிடியே உக்காந்து அதையே பார்த்துட்டு இருப்பேன். எழுந்திரிக்கத் தெம்பு இருக்காது.

ஒரு நாளைக்கு ஒண்ணு, மொரண்டு புடிக்கற கல்லுன்னா ரெண்டு நாளு. நல்ல நாளா இருந்தா ரெண்டு. நாத்தம் தலைக்கேறும். முதுகு நிமிர்த்த முடியாது. கையுறை போட்டுத்தான் ஆரம்பிச்சேன், பாத்திரம் கழுவற ரப்பர் உறை. ரெண்டாம் நாளே மருந்து பட்டு உருகி விரல்ல ஒட்டிக்கிச்சு. கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையாச் செஞ்சேன். தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வசந்தாமணி போன் பண்ணுவா. சாப்ட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, மோட்டாரை நிறுத்துனீங்களா. இந்த மூணுதான். நானாச் சொல்லுவேன், "இன்னைக்கு ரெண்டு கல்லு முடிஞ்சுது"ன்னு. "உம்"பா. "நாப்பது ஆச்சு"ம்பேன். "உம்"பா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. எனக்குக் கோவம்தான் வரும். யாருக்காகக் கெடந்து சாகறேன்?

ஒருநாள் பேத்தி வீடியோவுல கூப்புட்டா. தாத்தா கையைக் காட்டுங்கன்னா. காட்டுனேன். பின்னால வசந்தாமணி நின்னுட்டு இருந்திருக்குறா, எனக்குத் தெரியாது. மூணாம் நாள் கொரியர்ல ஒரு பொட்டலம் வந்துச்சு. தடியா, முழங்கை வரைக்கும் வர்ற உறை, அந்த மருந்துக்கு உருகாத சாதி. மககிட்டச் சொல்லித் தேடி வாங்கி அனுப்பிச்சிருக்குறா. ரெண்டு சோடி. போன்ல அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "மாத்திரை போட்டீங்களா?"ன்னுதான் கேட்டா.

அப்படி இருக்கறவ ஏன் வர மாட்டீங்கறா? எனக்கு வெளங்கவேயில்லை தம்பி.

அன்னூரு வந்திருச்சா? பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கறீங்களா? நான் குடிக்கறதில்லை, நீங்க வேணா போயிட்டு வாங்க. வேண்டாமா? சரி.

சித்திரைக் கடைசியில முடிச்சேன். அய்யாவு வந்து பதிச்சான். ஆசிட்ல போன கல்லை மட்டும் தண்ணித்தொட்டிக்கு அடியில போட்டுட்டு, அதுக்குப் புதுசு ஒண்ணு. பதிச்சு முடிச்சதும் அய்யாவு குனிஞ்சு தடவிப் பார்த்தான். "சீலர் அடிக்கறதுக்கு முந்தி எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்குதுங்க"ன்னான். சாம்பல் பூத்த கல்லு. மினுக்கமெல்லாம் ஒண்ணுமில்லை. குடம் குடமாத் தண்ணியை ஊத்தி, நான் வெறுங்காலோட வேகமா நடந்தேன், ஓடுனேன். அய்யாவுகிட்டப் போனைக் குடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். அறுபத்தாறு வயசுல வாசல்ல ஓடறேன், ரோட்டுல போறவங்க நின்னு பார்க்கறாங்க.

அந்த வீடியோவை எடுத்துட்டுத்தான் இன்னைக்குக் காலைல வந்தேன். முன்னாடியே சொல்லல. மாப்பிள்ளை வெளியூரு. மக சமையக்கட்டுல எதையோ மிக்சியில அரைச்சுட்டு இருந்தா. வசந்தாமணி சோபாவுல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருக்குறா. வாக்கர்கூட இல்லீங்க இப்ப, ஒரு கைத்தடிதான். போனைக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுட்டுப் பார்த்தா. முடிஞ்சதும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தா.

"நல்லாப் பண்ணியிருக்கறீங்க"ன்னா.

"கெளம்பலாமா? காரு சொல்றேன்"னேன்.

அவ வெங்காயத்தட்டை எடுத்துக் கீழ வெச்சா. நிதானமா வெச்சா. "ஏனுங்க, கல்லு என்ன பண்ணுச்சு என்னை?"ன்னா.

எனக்குப் புரியல. "அந்த வாசல்ல கால் வெக்க மாட்டேன்னு நீதானே சொன்னே?"

"வாசல்லதான் கால் வெக்க மாட்டேன்னேன். கல்லு மேலன்னு சொன்னேனா?" அவ குரலை ஒசத்தவே இல்லை தம்பி. "ஆஸ்பத்திரியில நான் கண்ணை மூடிட்டுக் கெடந்தா, தூங்கறேன்னு நெனச்சுட்டீங்க. உங்கக்கா வந்துச்சு. 'அவசரத்துல குறுக்க ஓடி விழுந்துட்டாக்கா, எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா'ன்னீங்க. 'அவ எப்பவுமே அப்பிடித்தானே'ன்னுச்சு உங்கக்கா. அப்பறம் உங்க ஆபீஸ்காரங்க. அப்பறம் எந்தம்பி. எந்தம்பிகிட்டயே சொன்னீங்க. சம்பந்தி வீட்டுல இருந்து வந்தாங்க, அவங்ககிட்டயும். பதினோரு பேருங்க. எண்ணிட்டேதான் கெடந்தேன், வேற என்ன வேலை எனக்கு? எல்லாரும் போகறப்ப எங்கிட்ட வந்து, 'இனிமேலாச்சும் பார்த்து நடம்மிணி'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

மிக்சிச் சத்தம் நின்னுபோச்சு. மக வெளிய வரல.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திருச்சு. "மூணு மாசம் கை வெந்து சாகறேன், நீ என்னமோ பேசறே"ன்னு கையை நீட்டுனேன். அவ கையைப் புடிச்சுப் பார்த்தா. திருப்பித் திருப்பிப் பார்த்தா. எழுந்து போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துட்டு வந்தா. உக்கார வெச்சு, ஒவ்வொரு விரலாத் தடவி விட்டா. தடவிட்டே சொன்னா, "ஒருத்தர்கிட்டயாச்சும் நடந்ததை நடந்த மாதிரிச் சொல்லுங்க. நான் வர்றேன். நீங்க காருகூடக் கொண்டு வர வேண்டாம், பஸ்ஸுலயே வர்றேன்."

அப்பறம், "சாப்ட்டுட்டுப் போங்க"ன்னா. சாப்ட்டேன். புறப்பட்டு வந்துட்டேன்.

என்ன தம்பி அப்பிடிப் பார்க்கறீங்க?

நடந்தது என்னன்னா கேக்கறீங்க?

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டுங்க. ஏதாச்சும் சின்னதா தப்பு நடந்தாக்கூட, அந்த ஆளையே உக்கார வெச்சு எழுதி வாங்குவேன். காலைல இருந்து என்ன என்ன செஞ்சே, வரிசையா எழுதுன்னு. அடுத்தவன் பேரு வரக்கூடாது, நீ செஞ்சதை மட்டும் எழுதுன்னு. எழுதறப்ப அவனவனுக்குக் கையே ஓடாது.

அவ அவசரப்படலீங்க.

முந்தின நாள் சாயங்காலம் ஏ.டி. போன் பண்ணுனாரு. மகளுக்குக் கல்யாணம், காலைல பத்திரிகை வெக்க வர்றேன்னாரு. மணிவிழாவுல வாசலைத் தடவிப் பார்த்த மனுசன். சாக்கு விரிச்சுக் கெடக்கறதை அவரு பார்த்தா என்ன நெனப்பாரு? நாலு சாக்கையும் சுருட்டி மோட்டார் ரூம்ல போட்டேன். அவகிட்டச் சொல்லல. சொன்னா வேண்டாம்பா. காலைல இன்னும் வெளிச்சம் வரல. அவளுக்கென்ன தெரியும்? தெனமும் படியில இருந்து காலை எறக்குனா சாக்கு இருக்கும். இருக்கும்னு எறக்குனா.

அதோட முடியலீங்க.

அவ கெடக்குறா. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்புடோணும், ஆம்புலன்சுக்குப் போன் பண்ணோணும். ஆம்புலன்சுக்குப் பண்ணுனேன். அப்பறம், பக்கத்து வீட்டுல சொல்றதுக்கு முந்தி, நான் மோட்டார் ரூமுக்குப் போனேன் தம்பி. சாக்கை எடுத்துட்டு வந்து, இருந்த மாதிரியே வரிசையா விரிச்சேன். ஓரத்துல கல்லைக்கூட வெச்சேன். அவ வலி பொறுக்காம பல்லைக் கடிச்சுட்டு, கெடந்த இடத்துல இருந்து என்னையே பார்த்துட்டு இருந்தா. அப்பறம் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, "சாக்கு கெடந்துமா விழுந்தீங்க?"ன்னு அவகிட்டக் கேக்குது. நான்தான் பதில் சொன்னேன். "குறுக்க போயிட்டா"ன்னு. அப்பத் தொடங்குனது.

ஏ.டி. வந்தாரான்னா? வரலீங்க. மழைன்னு வரல. பத்திரிகை தபால்ல வந்துச்சு.

சொல்லிட்டேன் பாருங்க. ஒருத்தர்கிட்டச் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணு பண்ணுங்க தம்பி. வசந்தாமணிக்கு இப்பவே போன் போட்டுத் தர்றேன். ஒரு வார்த்தை, "உங்க வீட்டுக்காரரு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. போதும். நம்பரு இதுல இருக்குது, ஒண்ணாம் நம்பரை அழுத்துனாப் போயிரும்.

ஏனுங்க? சொல்ல மாட்டீங்களா?

உம். அதுவும் சரிதான். உங்களுக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு உங்களைத் தெரியாது. சத்தியில எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவ சொன்னது அந்தப் பதினோரு பேருல ஒருத்தரைத்தான். எனக்கும் தெரியாம இல்லை.

தெரியாம இல்லைங்க.

வெளிய என்ன ஊரு போகுது? கண்ணாடி இல்லாம போர்டு தெரிய மாட்டீங்குது. புளியம்பட்டி வருதா? எங்கக்கா வீடு புளியம்பட்டியிலதான். பஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரம். எழுபத்திநாலு வயசு, இன்னும் குரலு ஒசந்துதான் இருக்கும். ஒரு வார்த்தை நாம சொல்றதுக்குள்ள அது நாலு கேள்வி கேக்கும். "அப்ப ஏண்டா எங்கிட்ட அப்பிடிச் சொன்னே?"ன்னு கேக்கும். "சாக்கைத் திருப்பி விரிச்சியா? நீ மனுசனா?"ன்னு கேக்கும். கேக்கட்டும், என்ன பண்றது.

கண்டக்டரே, புளியம்பட்டியில ஒரு ஆளு! ஆமாங்க, சத்திக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன். பரவால்லை, நிறுத்துங்க.

ஒரு வகையில இது நல்லதுதான் தம்பி. எங்கக்காகிட்ட ஒண்ணு சொன்னா, பொழுது சாயறதுக்குள்ள ஒரம்பறை பூராத்துக்கும் போயிரும். மத்த பத்துப் பேருகிட்டயும் நான் தனித்தனியாப் போய் நிக்க வேண்டியதில்லை பாருங்க.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க. எறங்கோணும்.